மறு: பின்னி, வெந்நீரில் இறுக்கிய கம்பளிக்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

> 'ஃபெல்ட்' என்றே எழுதிவிட்டுப் போகலாமே. எல்லாருக்கும் புரியும்.

பள்ளிக் கைவேலைக்கு வாங்கும் வண்ணத் தாள் போன்ற துணி என்ற அளவில் புரியும். அது பெரும்பாலும் செயற்கை இழை. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: கம்பளி நூலைத் தளர்வாகப் பின்னி, சோப்பு கலந்த வெந்நீரில் அலசி அலசிச் சுருங்கவைத்து, கண்ணியே (பின்னலின் ஒவ்வொரு வளையமே) தெரியாத அளவுக்குத் தடித்துப்போன துணிக்கு. அந்தத் துணியில்தான் பை செய்கிறோம்.

இங்கே இரண்டு தொழில்கள் கலந்துவிடுகின்றன. காஷ்மீரத்து நம்தா என்ற கம்பளி விரிப்பில் நூலே கிடையாது. சுத்தம் செய்து பஞ்சாக்கிய கம்பளியைப் பாயில் அடுக்கடுக்காகப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயோடு சுருட்டி மிதிப்பார்கள். இழைகள் ஒன்றோடொன்று சிக்கி விரிப்பாகிவிடும். நம் பையில் நூற்பு முடிந்து, பின்னலும் முடிந்து, அப்புறம்தான் வெந்நீர். ஆங்கிலத்தில் முன்னதை ஃபெல்டிங், பின்னதை ஃபுல்லிங் என்று பிரித்தாலும் பின்னல்காரர்கள் இரண்டையும் ஃபெல்டிங் என்றே சொல்கிறார்கள். அந்தக் குழப்பத்தை நாமும் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து.

> 'சடைத்தல்' எப்படி? எங்கள் ஊரில் கிளை நெருங்கி வளர்ந்த மரத்தைச் சடைத்த மரம் என்போம்.

யாழ்ப்பாணத்து அக்கா தந்த இந்தச் சொல் அருமையானது. உள்ளே நடப்பதை அப்படியே சொல்கிறது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. எல்லாம் நுனியைப் பார்த்தே சாய்ந்திருக்கும். வெந்நீரில் கசக்கும்போது இழை அடிப்பக்கமாக மட்டும் எளிதில் நகர்கிறது. திரும்பி வர முயன்றால் செதில் பிடித்துக்கொள்கிறது. தலைமுடி சடை பிடிப்பதைப் போலத்தான். நம்தா வகைக்கு 'சடைத்தல்', அந்தத் துணிக்கு 'சடைக்கம்பளி' என்று முழு மனதோடு வழிமொழிகிறேன்.

ஆனால் பின்னிய பைக்கு அது ஒத்துவராது. 'சடைப்பின்னல் பை' என்று எழுதினால் படிப்பவர் மனதில் கூந்தல்தான் வரும். தேடினாலும் தலை அலங்காரப் படங்கள்தான் கிடைக்கும்.

நான் முன்வைப்பது 'சுண்டவைத்தல்'. பால் அடுப்பில் சுண்டும்போது அளவு குறைகிறது, கெட்டியாகிறது, பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இந்த மூன்றுமே பின்னிய கம்பளிக்கு வெந்நீரில் நடக்கிறது. 'சுருங்குதல்' என்றால் அளவு குறைந்தது மட்டும் தெரியும்; 'இறுகுதல்' என்றால் கெட்டியானது மட்டும். சுண்டுதல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

> சுண்டல் நினைவுக்கு வருமே?

'சுண்டல்' என்ற பெயர்ச்சொல்லைத் தொடவே வேண்டாம். வினையாகச் சுண்டவைத்தல், பொருளுக்குச் 'சுண்டுகம்பளி'. சுண்டுவிரலைச் சொன்னால் யாருக்கும் கடலை நினைவு வருவதில்லையே.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொள்ள முக்கியக் காரணம், சொந்தமாகப் பை வடிவமைப்பவருக்கு இதிலிருந்து அடுத்த சொல் தானாகக் கிடைக்கிறது: 'சுண்டுவிகிதம்'. பை வேலையின் உயிரே அதுதான். நூல் உருண்டையின் உறையில் 4.5 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால் 6.5 அல்லது 8 எடுத்துக்கொண்டு, சல்லடை மாதிரித் தளர்வாக ஒரு மாதிரித் துண்டு பின்ன வேண்டும். 25 செ.மீ. சதுரம் என்று வையுங்கள். வெந்நீரில் போட்டு எடுத்தபின் அகலம் 20, உயரம் 16 என்று நின்றால், அகலச் சுண்டுவிகிதம் 0.8, உயரச் சுண்டுவிகிதம் 0.64. பொதுவாக உயரம்தான் அதிகம் குறையும். முடிவில் 30 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரத்தில் பை வேண்டுமென்றால் 30ஐ 0.8ஆல் வகுத்து 37.5, 28ஐ 0.64ஆல் வகுத்து ஏறத்தாழ 44. ஊசியில் இருக்கும்போது அது பையாகவே தெரியாது, கோணிச் சாக்கு மாதிரி நீளமாகத் தொங்கும். முதல்முறை பின்னுகிறவர்கள் அங்கேதான் பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். விகிதம் நூலுக்கு நூல், நிறத்துக்கு நிறம், தண்ணீருக்குத் தண்ணீர் மாறும் என்பதால் வேறொருவருடைய கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. வெளுத்த வெள்ளை நூல் சில நேரம் சுண்டவே மறுக்கும்.

இயந்திரத்தில் துவைத்தாலும் சுருங்காது என்று விற்கும் கம்பளிக்கு எதிர்ச்சொல்லும் கிடைக்கிறது: 'சுண்டாக்கம்பளி'. குளோரினால் செதிலைத் தேய்த்து, மேலே பிசின் பூச்சும் கொடுத்திருப்பார்கள். பருத்தியும் அக்ரிலிக்கும் சுண்டாது. வடிவமைப்பவருக்கு இது குறையே அல்ல. பையின் வாயோரம் பருத்தி நூலை ஓட்டித் தைத்துவிட்டால் வாய் அகன்று நெளியாது. வேலை முடிந்ததும் உருவி எடுத்துவிடலாம். நடுவில் நாலு வரிசை சுண்டாநூல் சேர்த்தால் அந்தப் பட்டை மட்டும் கொசுவிக்கொண்டு நிற்கும்.

இதைவிட எனக்குப் பிடித்தது கோலிக்குண்டு முறை. பின்னிய பையின் உள்ளிருந்து கோலியை வைத்து, வெளியே பருத்தி நூலால் கழுத்தை இறுக்கிக் கட்டி, அப்படியே வெந்நீரில் போடுகிறோம். சுற்றிலும் துணி சுண்டிக் கெட்டிப்படும். கோலியைப் போர்த்திய இடத்துக்குச் சுருங்க வழியில்லை. காய்ந்தபின் நூலை வெட்டிக் கோலியைத் தள்ளினால், கொப்புளம் கொப்புளமாக நிற்கும், அந்த இடத்தில் கண்ணிகூடத் தெரியும். இதற்கு ஜப்பானியச் சொல்லைக் கடன் வாங்கி ஷிபோரி என்கிறார்கள். மதுரையில் துணியைக் கிள்ளி முடிந்து சாயம் தோய்ப்பவர்களிடம் சுங்குடி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. சாயத்துக்குப் பதில் சுருக்கத்தை முடிச்சு தடுக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. 'சுங்குடிச் சுண்டல்' என்று மட்டும் எழுதிவிடாமல், 'சுங்குடி முடிச்சு' என்றே வைத்துக்கொள்வோம்.

> வெயில் நாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

உதகையில் குளிருக்குக் கம்பளி பின்னுகிறவர்கள் நம்மவர்கள்தானே. நீலகிரி ஆடு என்றே மென்கம்பளி தரும் ஓர் இனம் நம் மலையில் இருக்கிறது. கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ முதலான இனங்களைக் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவானது. டொரண்டோவிலும் ஆஸ்லோவிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லித்தரும் அம்மாக்களும் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கேட்டுத்தான் இந்த உரையாடலே தொடங்கியது.

இன்னும் ஒன்று தீராமல் நிற்கிறது. கைப்பிடிக்கு மூன்று நான்கு கண்ணிகளை இருமுனை ஊசியில் போட்டு, திருப்பாமலே மறுமுனைக்குத் தள்ளித் தள்ளிப் பின்னினால் உருண்டையான கயிறு வருகிறதே, ஐ-கார்ட் என்கிறார்கள். 'குழல்கயிறு' என்று குறித்துவைத்திருக்கிறேன். ஆனால் சுண்டியபின் அதில் குழலே இருப்பதில்லை, கெட்டிக் கயிறாகிவிடுகிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்கள் நாடா, கயிறு வகைகளுக்குப் புழங்கும் சொல் ஏதாவது இதற்குப் பொருந்துமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்.