சென்னையிலிருந்து வந்த ஆர்பிட்ரேஷன் அவார்டு: மூன்று மாதம் தாண்டிவிட்டது, இனி மனு போட முடியுமா?

மார்த்தாண்டம் டெம்போ:
விவரம் தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். டெம்போ வாங்க ஒரு தனியார் ஃபைனான்ஸில் கடன் எடுத்திருந்தேன். தவணை முடங்கியதும் வண்டியைத் தூக்கிப்போய் விற்றுவிட்டார்கள். அப்புறம் சென்னையில் அவர்களே ஒரு ஆர்பிட்ரேட்டரை (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவரை) வைத்து, பாக்கிக்கு அவார்டு (நடுவர் தீர்ப்பு) வாங்கிவிட்டார்கள். வண்டி விற்ற தொகையைக் கழிக்கவே இல்லை. அவார்டு மார்ச் 12 அன்று தபாலில் வந்தது. நான் கேரளாவுக்கு ஓட்டம் போயிருந்தேன். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினார். இன்று ஜூன் 26. அவார்டை எதிர்த்து நாகர்கோவில் கோர்ட்டில் மனு போடலாமா?

குலசேகரம் அண்ணாச்சி:
பயப்படாதே தம்பி. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டால் போதும். என் மச்சினனின் சொத்து வழக்கில் ரொம்ப நாள் கழித்துப் போட்ட அப்பீலையே எடுத்துக்கொண்டார்கள்.

தக்கலை வக்கீல்:
அண்ணாச்சி, சிவில் அப்பீலில் அது நடக்கும். இங்கே நடக்காது. அவார்டை ரத்து செய்யக் கேட்பது 1996 ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 34ஆவது பிரிவில். கையெழுத்திட்ட பிரதி கிடைத்ததிலிருந்து மூன்று மாதம்; தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று 2001இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியாயம் முழுக்க நம் பக்கம் இருந்தாலும் மனு உள்ளேயே போகாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தம்பி, மூன்று மாதம் என்பது காலண்டர் மாதம், 90 நாள் இல்லை. உங்களுக்கு அது ஜூன் 12இல் முடிந்தது. கூடுதல் 30 நாள் ஜூலை 12 வரை. அது ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள் விடுமுறையானால் மறுநாள் போடலாம் என்ற சலுகை மூன்று மாதக் கெடுவுக்கு உண்டு, இந்த 30 நாளுக்கு இல்லை. திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அம்மா வாங்கியதால் நாள் தள்ளிப்போகும் என்றும் நம்ப வேண்டாம். வீட்டு முகவரியில் கொடுத்தாலே கிடைத்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எந்தக் கோர்ட் என்பதற்குக் கடன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆர்பிட்ரேஷன் நடக்கும் இடம் சென்னை என்று இருந்தால் மனுவும் சென்னையில்தான். ஆனால் ஜப்திக்கு ஃபைனான்ஸ்காரர்கள் நேராக நாகர்கோவில் கோர்ட்டுக்கே வரலாம். சொத்து எங்கே இருக்கிறதோ அங்கே அவார்டை நிறைவேற்றக் கேட்டு மனு போடலாம் என்று 2018இல் தீர்ப்பு இருக்கிறது.

மார்த்தாண்டம் டெம்போ:
ரொம்ப நன்றி சார். மனு போட்டுவிட்டால் ஜப்தி நின்றுவிடும் அல்லவா?

தக்கலை வக்கீல்:
நிற்காது. 2015 திருத்தத்துக்கு முன்பு தானாக நின்றது. இப்போது தடை கேட்டுத் தனி மனு வேண்டும். ஒரு தொகையைக் கட்டச் சொன்னாலும் சொல்வார்கள். ஒன்று கேட்கிறேன்: தகராறு வந்த பிறகு, அந்த ஆர்பிட்ரேட்டரே போதும் என்று நீங்கள் எதிலாவது எழுதிக் கொடுத்தீர்களா?

மார்த்தாண்டம் டெம்போ:
இல்லை சார். அவரை வைத்தாயிற்று என்று ஒரு நோட்டீஸ் வந்தது, அவ்வளவுதான்.

தக்கலை வக்கீல்:
அப்படியானால் அதையே முதல் காரணமாக எழுதச் சொல்லுங்கள். ஒரு தரப்பு மட்டும் தன்னிஷ்டத்துக்கு ஒற்றை ஆர்பிட்ரேட்டரை நியமிப்பது செல்லாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வண்டி விற்ற கணக்கு அடுத்தது. தாமத மனுவுக்கு, நீங்கள் கேரளாவில் இருந்ததைக் காட்டும் லோடு ரசீதுகளை எடுத்து வையுங்கள். வக்காலத்தில் (வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாளில்) கையெழுத்துப் போட்டு, அவார்டு வந்த தபால் உறையோடு இந்த வாரமே சென்னை வக்கீலுக்கு அனுப்பிவிடுங்கள்.