படுத்த உருளை டேங்கில் டீசல் கணக்கு: 112 லிட்டர் எங்கே போனது?

கேள்வி (குடியிருப்புப் பொருளாளர், கோவை):

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜெனரேட்டருக்கு 990 லிட்டர் என்று எழுதப்பட்ட, படுக்கை வசத்தில் வைத்த உருளை வடிவ டீசல் டேங்க் இருக்கிறது. அதன் உள்விட்டம் 90 செ.மீ., உள்நீளம் 155 செ.மீ., இரு முனைகளும் தட்டையானவை. டீசல் இறக்குவதற்கு முன் அளவுகோலில் 20 செ.மீ. ஈரம் தெரிந்தது, இறக்கிய பின் 70 செ.மீ. ஆனது. உயர்ந்தது 50 செ.மீ. என்பதால், உள்ளளவுகளின்படி வரும் 986 லிட்டரை 90-க்கு 50 என்ற விகிதத்தில் கணக்கிட்டால் 548 லிட்டர்தான் வருகிறது. பில்லிலோ 660 லிட்டர் என்றிருக்கிறது. செயற்குழு இதற்கு விளக்கம் கேட்கிறது. வண்டிக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன், என் கணக்கு சரியா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில் 1 (ஆலைப் பராமரிப்பாளர்):

சண்டைக்குப் போக வேண்டாம் ஐயா, பில் சரியாகத்தான் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் டேங்காக இருந்தால் உங்கள் விகிதக் கணக்கு பொருந்தும். படுத்திருக்கும் உருளையில் அடியும் உச்சியும் குறுகியும் நடுப்பகுதி அகன்றும் இருப்பதால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கொள்ளும் அளவு மாறிக்கொண்டே போகும். உங்கள் டேங்கில் அடியிலிருந்து முதல் ஒரு செ.மீ. உயர ஏறத்தாழ 2 லிட்டர் போதும். நடுவில் அதே ஒரு செ.மீ.க்கு 14 லிட்டர் வேண்டும். நீங்கள் நிரப்பிய 50 செ.மீ. முழுவதும் அந்த அகன்ற பகுதியில் விழுந்திருக்கிறது.

கணக்கு இப்படி: ஆரம் 45. அதிலிருந்து டீசல் உயரம் 20-ஐக் கழித்தால் 25. இந்த 25-ஐ 45-ஆல் வகுத்து வரும் 0.5556-க்குக் கால்குலேட்டரில் ஆர்க் காஸ் (cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 0.9818 (ரேடியனில் வைத்திருக்க வேண்டும், டிகிரியில் இருந்தால் விடை தாறுமாறாக வரும்). அதை ஆரத்தின் வர்க்கமான 2,025-ஆல் பெருக்கினால் 1,988. இதிலிருந்து நடுவிலுள்ள முக்கோணப் பகுதியைக் கழிக்க வேண்டும்: 45-இன் வர்க்கத்திலிருந்து 25-இன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் கண்டால் 37.42, அதை 25-ஆல் பெருக்கினால் 935. மிச்சம் 1,053 சதுர செ.மீ. நீளம் 155-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 163 லிட்டர்.

முழுக் கொள்ளளவு 986 லிட்டர். 70 செ.மீ. என்றால் உச்சியிலிருந்து 20 செ.மீ. காலி, அந்தக் காலியிடமும் அதே 163 லிட்டர்தான். எனவே உள்ளே இருப்பது 823, ஏற்கெனவே இருந்தது 163, இறக்கியது 660.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. ஒவ்வொரு முறையும் இதைக் கணக்கிட எங்கள் காவலாளியால் முடியாது. அளவுகோலிலேயே லிட்டரைக் குறித்து வைக்கலாமா?

பதில் 2 (ஆலைப் பராமரிப்பாளர்):

தாராளமாகக் குறிக்கலாம். உங்கள் டேங்கிற்கு 10 செ.மீ.க்கு 60, 20-க்கு 163, 30-க்கு 288, 40-க்கு 423, 45-க்கு 493, 50-க்கு 563, 60-க்கு 698, 70-க்கு 823, 80-க்கு 926 லிட்டர். 10 செ.மீ.க்குக் கீழே இந்தக் குறிகளை நம்பி இடையளவு ஊகிக்க வேண்டாம். அங்கே வளைவு அதிகம், தவிர உறிஞ்சு குழாய் அடியைத் தொடாததால் அந்த டீசலில் ஒரு பகுதி எஞ்சினுக்குப் போகவும் போகாது.

பதில் 3 (மற்றொரு வாசகர்):

மூன்று செய்திகளைச் சேர்க்கிறேன். டேங்க் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஓரத்தில் உள்ள மூடி வழியாக எடுக்கும் அளவு தவறும். நீளத்தின் நடுவில் எடுக்க வேண்டும். இறக்கியவுடன் நுரை இருக்கும் என்பதால், அது அடங்கிய பிறகே கோலை விட வேண்டும். வெயிலில் டீசல் விரியும். 1,000 லிட்டர் டீசல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 16 லிட்டர் கூடும். ஆகவே 80 செ.மீ. குறியோடு நிறுத்திவிடுங்கள். கோல் 20 காட்டும்போது வண்டிக்குச் சொல்வதானால், 926-இல் 163 போக, 763 லிட்டருக்கு மேல் கேட்க வேண்டாம்.