அந்தமான் போக எந்த மாசம் சரி? தீபாவளி லீவா, மே மாசமா?

கொங்குப்பயணி:
வணக்கம் மக்களே, ஒரு உதவி வேணும். அந்தமான் போலாம்னு வீட்ல ரொம்ப நாளா பேச்சு ஓடுது. அம்மா அப்பா ரெண்டு பேரும் அறுபதைத் தாண்டினவங்க, அப்புறம் நான், மனைவி, நாலாங்கிளாஸ் படிக்கிற பையன். ஸ்கூல் லீவு விட்டாதான் நகர முடியும். தீபாவளியை ஒட்டி ஒரு ட்ராவல்ஸ்ல பேக்கேஜ் சொல்றாங்க, ரேட் நல்லாவே குறைச்சல், ஆனா போன்ல வெதர் ஆப்பைத் திறந்தா அந்த நாள் பூரா இடி மின்னல் படமாத்தான் காட்டுது. விட்டா மே கடைசி, ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி. அப்ப நம்ம சென்னைப் பக்கம் மாதிரி அங்கயும் மழை இருக்காதுதானே? எதுக்கு அட்வான்ஸ் கட்டட்டும்?

வங்கக்கடல்_வாசகன்:
மே கடைசி வேண்டாங்க. சென்னைக்கு நேர் கிழக்கால இருக்கறதால நம்ம மழைக்காலம்தான் அங்கயும்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்தமான்ல கால் வெச்சுடும், வழக்கமா மே மூணாவது வாரம் வாக்குல. 2025-ல மே 13-ஏ தெற்கு அந்தமானைத் தொட்டுடுச்சு, கேரளாவுக்கு மே 24-தான் வந்துச்சு. அது செப்டம்பர் வரைக்கும் ஊத்தும், அது முடிஞ்சதும் வடகிழக்கு, கூடவே வங்கக்கடல் புயல் சீசன். ரெண்டு பருவமழையும் வாங்கற ஊரு அது. சென்னைக்கு வருஷத்துக்கு சுமாரா 1,400 மில்லிமீட்டர் மழைன்னா போர்ட் பிளேருக்கு 3,000 கிட்ட. அதனால ஜனவரில இருந்து மே முதல் வாரம் வரைக்கும்தான் நம்பிப் போலாம்.

தீவுத்தமிழன்:
நான் இங்கயே போர்ட் பிளேர்ல இருக்கேன் (இப்ப ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா பேச்சுல பழைய பேருதான்). அண்ணே, மழையைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, கடலைப் பாத்து முடிவு பண்ணுங்க. மழை இங்க ஒரு மணி நேரம் கொட்டிட்டு வெயில் அடிச்சிடும், அதனால டூர் கெடாது. காத்து எழும்பி ஹேவ்லாக், நீல் தீவுக்குப் போற கப்பலை நிறுத்திட்டாதான் எல்லாம் போச்சு. அப்படிப்பட்ட நாள்ல கப்பல் ஏறற துறைக்குப் போய்ப் பாருங்க, பெட்டி படுக்கையோட ஜனம் உக்காந்திருக்கும், குழந்தைங்க அழும், மறுநாள் ஃப்ளைட் இருக்கறவங்க கவுண்டர்ல போய் கெஞ்சிட்டு இருப்பாங்க, ஆனா துறைமுகத்துல இருந்து அனுமதி வராம யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. 2016 டிசம்பர்ல வர்தா புயல் சென்னைக்கு வர்றதுக்கு முன்னாடி இந்தப் பக்கம்தான் உருவாச்சு, அப்ப ஹேவ்லாக்லயும் நீல்லயும் ஆயிரத்துக்கும் மேல டூரிஸ்ட் மாட்டிக்கிட்டு நேவி கப்பல் வந்துதான் கூட்டிட்டு வந்தாங்க. வயசானவங்களை வெச்சுக்கிட்டு அக்டோபர் நவம்பர்ல அந்த ரிஸ்க் எதுக்கு? பேக்கேஜ் சீப்பா கிடைக்கறதும் அதனாலதான்.

பயணப்பை:
டிசம்பர் கடைசியை விட்டுட்டீங்களே. நாங்க அரையாண்டு லீவுல போனோம், கிளைமேட் அருமை, ஹேவ்லாக்ல ராதாநகர் பீச் தண்ணி குளம் மாதிரி கிடந்துச்சு. ரூம் வாடகைதான் எக்கச்சக்கம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, டிசம்பர்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கே சூரியன் இறங்கிடும், கடிகாரம் நம்ம நேரம்தான் ஆனா ஊரு அவ்ளோ கிழக்கால இருக்கு. மத்தியானம் தூங்கி எழுந்து பீச்சுக்குக் கிளம்பினா இருட்டுதான், காலைல சீக்கிரமே கிளம்பிடுங்க.

தீவுத்தமிழன்:
@பயணப்பை ராதாநகர் மேற்குப் பக்கம் பாத்த பீச், டிசம்பர்ல காத்து வடகிழக்குல இருந்து வர்றதால தீவே மறைச்சுக்கும். அதே நாள்ல கிழக்குப் பக்கம் விஜயநகர் பீச்சுக்குப் போயிருந்தா அலை இருந்திருக்கும். ஜூன் ஜூலைல அப்படியே தலைகீழ், ராதாநகர்ல இறங்கவே விடமாட்டாங்க. அதனால எந்த மாசம்னு கேக்கறப்பவே எந்தக் கரைன்னும் சேத்துக் கேளுங்க.

பவளம்:
பையனுக்கு ஸ்நார்க்லிங் (கண்ணாடி, மூச்சுக்குழாய் மாட்டிக்கிட்டு தண்ணிக்கு அடில பாக்கறது) காட்டணும்னா பிப்ரவரில இருந்து ஏப்ரல்தான், தண்ணி கண்ணாடி மாதிரி தெளியும். அமாவாசையை ஒட்டி வெச்சுக்கிட்டீங்கன்னா, ராத்திரி ஹேவ்லாக்ல தண்ணில கை விட்டு அளைஞ்சா நீலமா மினுங்கறதைப் பாக்கவும் சான்ஸ் இருக்கு, நிலா வெளிச்சத்துல அது தெரியாது. ஒரே ஒரு வேண்டுகோள், ஏப்ரல், மே மாசத்துல தண்ணி சூடேறி பவளப்பாறை ஏற்கனவே தவிச்சுட்டு இருக்கும், 2010-ல கோடைச் சூட்டுல எவ்வளவோ வெளுத்துப் போச்சு. தயவு செஞ்சு அது மேல கால் வெச்சு நிக்காதீங்க, பையனுக்கும் முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.

கொங்குப்பயணி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி! தீபாவளி பேக்கேஜ் வேண்டாம்னு சொல்லிட்டேன். பையனுக்கு ஏப்ரல் மூணாவது வாரத்துல பரீட்சை முடியுது, முடிஞ்ச கையோட கிளம்பலாம்னு இருக்கோம். அம்மா வெயிலுக்குப் பயப்படறாங்க, அப்பாவுக்குக் கப்பல்ல தலை சுத்தும். என்ன பண்ணலாம்?

தீவுத்தமிழன்:
நல்ல நேரம் அண்ணே, கடல் அப்பதான் ரொம்ப அமைதி, அப்பாவுக்கும் அதுவே பாதி மருந்து. மீதிக்கு டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை வாங்கி கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே போட்டுக்கச் சொல்லுங்க. வெயில் உங்க ஊர் கோடையை விட டிகிரில கம்மிதான், ஆனா புழுக்கம் ஜாஸ்தி, சட்டை தொப்பலா நனைஞ்சிடும். செல்லுலார் ஜெயிலை காலைல திறந்ததுமே பாத்துடுங்க, மத்தியானம் அந்த முற்றத்துல நிக்க முடியாது. ஹேவ்லாக், நீல் ரெண்டையும் முதல்ல முடிச்சுட்டு கடைசி ஒரு ராத்திரி கட்டாயம் போர்ட் பிளேர்ல தங்குற மாதிரி போடுங்க, ஒரு நாள் கப்பல் ஓடலைன்னாலும் ஃப்ளைட் தப்பாது. கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஆப்பை விட்டுட்டு வானிலை மையம் போடற மீனவர் எச்சரிக்கையைப் பாருங்க, அதுல அந்தமான் கடல் பேர் இல்லைன்னா தைரியமா வாங்க. கப்பல் டிக்கெட் மட்டும் இப்பவே போட்டுடுங்க, ஏப்ரல், மே மாசத்துல லீவுக்கூட்டம் வந்துடும்.