கற்றையைத் திருப்பும் காந்தங்கள் துகள்களின் போக்கை எப்படி மாற்றுகின்றன?

கேள்வி:
துகள் முடுக்கிகளில் துகள் கற்றையைக் குழாயின் நடுவே செலுத்துவதற்காகச் சிறிய திருத்தக் காந்தங்களைப் பொருத்துகிறார்கள். அவை கற்றை முழுவதையும் ஒரே அளவில் நகர்த்துகின்றன என்றால், துகள்களின் ஆற்றலோ கற்றையின் பருமனோ மாறக் கூடாது அல்லவா? பிறகு ஏன் திருப்புவதில் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது?

பதில் 1:
ஆற்றலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. காந்தவிசை எப்போதும் திசைவேகத்துக்குச் செங்குத்தாகவே செயல்படுவதால், அது துகளின் திசையை மாற்றுமே தவிர வேகத்தை மாற்றாது. வளையும்போது எலக்ட்ரான் உமிழும் கதிர்வீச்சால் நேரும் இழப்பு இத்தகைய சிறு காந்தங்களில் பொருட்படுத்தத் தக்கதன்று. ஆனால் ‘ஒரே அளவில்’ என்பது பொருந்தாது, ஏனெனில் திரும்பும் கோணம் உந்தத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. 1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரானை 0.01 டெஸ்லா-மீட்டர் வலிமையுள்ள (புலத்தையும் காந்தத்தின் நீளத்தையும் பெருக்கிய அளவு) காந்தம் ஏறத்தாழ 3 மில்லிரேடியன் திருப்பும். 10 மீட்டர் வெறுங்குழாயைக் கடப்பதற்குள் அது 3 சென்டிமீட்டர் விலகிவிடும். உந்தம் 1% கூடுதலாக உள்ள எலக்ட்ரான் அதைவிட 0.3 மில்லிமீட்டர் குறைவாக விலகும். இந்த வேறுபாடே கற்றையை அகலச் செய்கிறது.

பதில் 2:
வளைய முடுக்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓரிடத்தில் கொடுத்த திருப்பம் அங்கேயே முடிவதில்லை. நான்முனைக் காந்தங்கள் விலகிய துகளை மீண்டும் மீண்டும் நடுவுக்கு இழுப்பதால் அது அலைந்துகொண்டே சுற்றி வந்து, அதே காந்தத்திடம் மறுபடியும் அடி வாங்குகிறது. ஒரு சுற்றில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கை முழு எண்ணாக இருந்தால், ஒவ்வொரு அடியும் முந்தையதோடு கூடி, துகள் குழாயின் சுவரில் மோதிவிடும். ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னின் பெரிய ஹாட்ரான் மோதுவியில் மோதல் நிலைக்கென இந்த எண்கள் கிடைத்திசையில் 64.31, செங்குத்துத் திசையில் 59.32 என்று வடிவமைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால், குழாயில் கற்றை நடுவிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்று அளக்கும் நிலைகாட்டும் கருவிகள் அனைத்தும் சுழியம் காட்டும்படி திருத்தினால் போதுமா?

பதில் 3:
போதாது என்பதே என் கருத்து. அந்தக் கருவிகளும் சற்று இடம் பிசகியே பொருத்தப்பட்டிருக்கும். நான்முனைக் காந்தத்தின் வலிமையைச் சிறிது கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும்; அப்போதும் கற்றை அதைத் தாண்டிய இடங்களில் நகராமல் இருந்தால்தான், காந்தத்தின் உண்மையான நடுவில் செல்கிறது என்று பொருள். வெவ்வேறு உந்தமுள்ள துகள்களின் குவிப்பைச் சரிசெய்யும் அறுமுனைக் காந்தத்தில் நடு பிசகிச் சென்றால், ஒரு சுற்றில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கையே மாறிவிடும். நேர்கோட்டு முடுக்கியிலோ, துகள்கொத்தின் முன்பகுதி விட்டுச்செல்லும் மின்காந்தப் புலம் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளுவதால், கொத்து வாழைப்பழம் போல் வளைந்துவிடுகிறது; அதன் பிறகு கற்றை முழுவதையும் நகர்த்தும் எந்தத் திருத்தக் காந்தத்தாலும் அந்த வளைவை நிமிர்த்த இயலாது.