பிளாக்ஸ் பீச் (சான் டியேகோ) ஜோடியா போறதுன்னா என்னென்ன பாத்துக்கணும்?

லாஹோயா_மல்லி

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பப் பாத்துட்டு சிரிக்கறவங்க சிரிச்சுட்டு அடுத்த திரிக்குப் போயிடுங்க, விவரம் தெரிஞ்சவங்க மட்டும் பதில் போடுங்க ப்ளீஸ். டோரி பைன்ஸ் கிளைடர்போர்ட்ல பாராகிளைடிங் வேடிக்கை பாக்கப் போறப்பல்லாம் எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் கீழ இருக்கற பிளாக்ஸ் பீச் பத்தி பேச்சு வரும். டிரஸ் போடறதும் போடாததும் அவங்கவங்க இஷ்டம்னு இருக்கற இடம்னு தெரியும். இத்தன நாள் கிண்டலாவே பேசிட்டு இருந்தோம், இப்ப நிஜமாவே ஒரு நாள் போய்ப் பாக்கலாமேன்னு ரெண்டு பேருக்கும் தோணுது, ஆகஸ்ட் கடைசில கல்யாணநாள் வருது, அன்னிக்கு லீவும் போட்டாச்சு.

சந்தேகம் நெறைய இருக்கு. நாங்க எச்1பி, கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கோம், போலீஸ் கேஸ்னு ஏதாச்சும் ஆயிடுமா? எனக்கு முட்டி கொஞ்சம் தகராறு, அந்த மலைல எப்படி இறங்கறது? அங்க போனா எல்லாத்தையும் கழட்டியே ஆகணுமா, நான் ஸ்விம்சூட்டோட உக்காந்தா ஒரு மாதிரி பாப்பாங்களா? அவருக்கு வேற கவலை, ஆபீஸ்ல பாதிப் பேரு நம்மூரு ஆளுங்க, டீம் லீட் யாராச்சும் அங்க எதிர்ல வந்து நின்னா ஹாய் சொல்றதா வேண்டாமான்னு கேக்கறாரு.

குன்று_இறங்கி

டிரஸ் விஷயத்த விடுங்க சிஸ், அந்த பீச்சுல உண்மையான பிரச்சனையே ஏறி இறங்கறதுதான். மலை சுமார் 300 அடி. கிளைடர்போர்ட் பார்க்கிங் பக்கத்துல இருந்தே ஒரு பாதை இறங்குது, மரக்கட்டைய மண்ணுல பதிச்சு படி மாதிரி பண்ணிருக்காங்க, ஆனா ஒரு படி முழங்கால் உயரம் இருக்கும் அடுத்தது பாதி கரைஞ்சு போயிருக்கும், மேல பொடி மணல் கெடக்கும் அது செருப்புக்கு அடில உருளும். ஹவாய் செப்பல் போட்டுட்டு வந்து கைப்புடிய புடிச்சுட்டு பக்கவாட்டுல நண்டு மாதிரி இறங்கற ஜோடிங்கள எப்பப் போனாலும் பாக்கலாம். பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ போடுங்க, பை முதுகுல மாட்டறதா இருக்கட்டும், ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும்.

முட்டி பிரச்சனைன்னா அந்தப் பாதையே வேணாம்னுதான் சொல்லுவேன். லாஹோயா ஃபார்ம்ஸ் ரோட்டுல இருந்து ஒரு தார் ரோடு இறங்குது, கேட் போட்டு வண்டிய விட மாட்டாங்க, நடந்து போகலாம். செங்குத்துதான், ஆனா படி கிடையாது, கால் வழுக்காது. அது பீச்சோட தெக்குப் பக்கம் கொண்டுபோய் விடும், அங்கேருந்து மணல்லயே வடக்கால நடக்கணும். அந்தத் தெருவுல பார்க்கிங் நேரக் கட்டுப்பாடு இருக்கு, போர்டப் படிச்சுட்டு நிறுத்துங்க. ஹோ சி மின் ட்ரெயில்னு ஒண்ணு மேப்ல காட்டும், அது பக்கமே போகாதீங்க. ஹெலிகாப்டர் வந்து ஆள மேல தூக்கிட்டுப் போற கதையெல்லாம் இந்த மலைல சகஜம்.

இன்னொண்ணு, நிழலா இருக்குன்னு மலை அடிவாரத்துல துண்டு விரிக்காதீங்க. இந்த மணல் பாறை எப்ப சரியும்னு சொல்லவே முடியாது. 2019 ஆகஸ்ட்ல வடக்க என்சினிடாஸ்ல இதே மாதிரி சரிஞ்சு பீச்சுல உக்காந்திருந்த மூணு பேர் செத்துப் போனாங்க. பிளாக்ஸ்லயும் 2023 ஜனவரில பெரிய சரிவு ஆச்சு.

ஃபார்ம்_485

நான் வக்கீல் இல்ல, ஆனா இத உக்காந்து படிச்சிருக்கேன், ஏன்னா நாங்களும் இதே கிரீன் கார்டு க்யூலதான் நிக்கறோம்.

பீச் ஒண்ணுதான், நிர்வாகம் ரெண்டு. தெக்குப் பக்கம் சான் டியேகோ சிட்டிக்கு, வடக்குப் பக்கம் ஸ்டேட் பார்க்குக்கு. சிட்டி பகுதில 1974-ல அவங்களே அனுமதி குடுத்தாங்க, 1977-ல ஓட்டெடுப்பு நடத்தி எடுத்துட்டாங்க, அதனால இப்ப அங்க டிரஸ் இல்லாம இருந்தா சட்டப்படி தப்பு. வடக்குப் பக்கமும் ரூல் புக்குல தடைதான். ஆனா 1979-ல ஸ்டேட் பார்க்ஸ் டைரக்டரா இருந்த ரஸ்ஸல் கேஹில் ஒரு பாலிசி போட்டாரு, யாராச்சும் புகார் குடுத்தா மட்டும் ரேஞ்சர் (பார்க் காவலர்) வந்து டிரஸ் போடச் சொல்லணும், கேக்கலன்னாத்தான் டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு. அந்தப் பழக்கத்துலதான் வடக்குப் பகுதி இன்னும் ஓடிட்டு இருக்கு. இத உரிமைன்னு நெனச்சுடாதீங்க, கண்டுக்காம விடறாங்க அவ்வளவுதான். சான் ஓனோஃப்ரேன்னு இன்னொரு ஸ்டேட் பீச்சுல இதே சலுகை இருந்துச்சு, ஸ்டேட் அத நிறுத்துனப்ப கேஸ் போட்டாங்க, 2009-ல அப்பீல் கோர்ட் ஸ்டேட் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. பழைய வெப்சைட்ல பாத்துட்டு அங்க போயிடாதீங்க.

கேஸ் பயத்துக்கு: கலிஃபோர்னியால இண்டீசன்ட் எக்ஸ்போஷர்னு (பொது இடத்துல ஆபாசமா உடம்பக் காட்டறது) குற்றம் சாட்டணும்னா கெட்ட நோக்கம் இருந்திருக்கணும். 1970-ல சான் டியேகோ பீச் ஒண்ணுல ஒருத்தர் சும்மா வெயில் காயப் படுத்து தூங்கிட்டாரு, கைது பண்ணி தண்டனையும் குடுத்துட்டாங்க, 1972-ல மாநில சுப்ரீம் கோர்ட் அது அந்தக் குற்றமே ஆகாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா சாதாரண டிக்கெட் வாங்கறதும் நமக்குத் தலைவலிதான், கிரீன் கார்டுக்குப் போடற ஐ-485 ஃபாரத்துல அரெஸ்ட் ஆனீங்களான்னு மட்டும் இல்ல, சைட்டேஷன் (இந்த மாதிரி டிக்கெட்) வாங்கியிருக்கீங்களான்னும் கேக்கறான். அதனால கிளைடர்போர்ட் பாதை இறங்கற இடத்துக்கு வடக்கால போன பிறகுதான் கழட்டறது, ரேஞ்சர் போடுன்னா அடுத்த செகண்ட் போட்டுட்டு தேங்க்யூ சொல்றது. தார் ரோடு வழியா இறங்குனா சிட்டி மணல்லதான் கால் வைப்பீங்க, அந்த நீளம் பூரா டிரஸ் இருக்கணும், இத மறந்துடாதீங்க.

பண்பாட்டுப்புயல்

இதுக்குத்தான் அமெரிக்கா போனீங்களா, ஊர்ல அப்பா அம்மாவுக்குத் தெரியுமா

மொட்டைவெயில்

@பண்பாட்டுப்புயல் தெரியாது தம்பி, நீங்க சொல்லிடாதீங்க.

மல்லி, நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நாளா போயிட்டு வர்றோம், பொண்ணுங்க பக்கத்துல இருந்து சொல்றேன். கழட்டியே ஆகணும்னு ஒண்ணும் இல்ல, ஸ்விம்சூட்டோட உக்காந்திருக்கறவங்க, மேல மட்டும் இல்லாதவங்க, தொப்பியும் கண்ணாடியும் மட்டும் போட்டுட்டு வாலிபால் ஆடற தாத்தாங்க எல்லாரும் இருப்பாங்க. அழகழகான சின்னப் பசங்க கூட்டம்னு நெனச்சுட்டுப் போனா ஏமாந்துடுவீங்க, தொப்பை, ஆபரேஷன் தழும்பு, பிரசவக் கோடு எல்லாத்தோடயும் ஜனங்க நிம்மதியா புத்தகம் படிச்சுட்டு இருப்பாங்க. முதல் பத்து நிமிஷம் எங்க பாக்கறதுன்னு தெரியாது, அப்புறம் பசி எடுக்கும், சாப்பாட்டு டப்பாவத் தேடுவீங்க. பிரச்சனை எங்கன்னா ஃபுல் டிரஸ்ல ஷூ போட்டுட்டு கை கட்டி நின்னு பாக்கறவன்தான், அவனத்தான் அங்க யாருக்கும் புடிக்காது. அப்படி ஒருத்தன் பக்கத்துல சுத்துனா, இல்ல காலி பீச்சுல உங்களுக்கு ரொம்ப கிட்ட வந்து துண்டு விரிச்சா, கூச்சப்படாம சத்தமா தள்ளிப் போங்கன்னு சொல்லுங்க, பக்கத்துல இருக்கற பழைய ஆளுங்க உடனே உங்களுக்கு சப்போர்ட்டா வந்துடுவாங்க. ஜோடிங்க இருக்கற ஏரியாவாப் பாத்து உக்காருங்க, ரொம்ப வடக்கால ஆளில்லாத மூலைக்குப் போக வேணாம், தனியா இருக்கலாம்னு ஆசையா இருக்கும்தான், ஆனா முதல் தடவை வேணாம்.

ஃபோன பைக்குள்ள போட்டுடுங்க. கடலத்தான் எடுத்தேன்னு நீங்க சொல்லலாம், பின்னாடி நிக்கறவங்களுக்கு அது தெரியாது. செல்ஃபி எடுத்தே ஆகணும்னா மேல கிளைடர்போர்ட் வந்து எடுத்துக்கங்க. உக்கார்றதுக்கு ஆளுக்கொரு பெரிய துண்டு வேணும். கட்டிப் புடிக்கறது கொஞ்சறதெல்லாம் சாதாரண பீச்சுல எவ்வளவோ அதுக்கும் கம்மியா இருக்கட்டும், அங்க அத ரொம்ப கறாராப் பாப்பாங்க, ரேஞ்சருக்கு புகார் போறதும் அதுக்குத்தான்.

அப்புறம் நீங்க ரெண்டு பேரும் வீட்டுலயே ஒரு பேச்சு பேசிட்டுக் கிளம்புங்க. ஒருத்தர் கழட்டி இன்னொருத்தர் கழட்டலன்னா பரவால்லயா? ஒருத்தர் போலாம்னு சொன்னா ஏன்னு கேக்காம ரெண்டு பேரும் எழுந்துடணும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஜோடி அங்க வச்சு கிசுகிசுன்னு சண்டை போட்டு அந்த 300 அடியும் பேசாம ஏறுனாங்க, பாக்கவே பாவமா இருந்துச்சு.

சன்ஸ்கிரீன்! நம்ம கலருக்கு வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, கேக்காதீங்க. வெயிலே படாத இடம்தான் முதல்ல எரியும், எஸ்பிஎஃப் 30-க்கு மேல உள்ளத வீட்டுலயே உடம்பு பூரா போட்டுட்டு வந்துடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. டீம் லீட் வந்தா ஹாய் சொல்லலாம், கண்ணப் பாத்து. அவருக்கும் திங்கக்கிழமை ஆபீஸ் இருக்கு, அவரும் வெளில சொல்ல மாட்டாரு.

அலைபைத்தியம்

தண்ணிக்குள்ள போறதப் பத்தி யாருமே சொல்லல. பிளாக்ஸ் சர்ஃபிங்குக்குப் பேர் போன இடம், ஏன்னா வெளிய கடலுக்கடில ஸ்க்ரிப்ஸ் கேன்யன்னு ஒரு பள்ளத்தாக்கு இருக்கு, அதுல ஆழம் ஜாஸ்தி, அலையோட வேகம் குறையாம அப்படியே வளைஞ்சு கரைக்கு வந்து அடிக்கும். பக்கத்து பீச் லாஹோயா ஷோர்ஸ்ல இடுப்பளவு அலைன்னா இங்க தலைக்கு மேல இருக்கலாம். ரிப் கரன்ட்டும் (ஆள கடலுக்குள்ள இழுக்கற நீரோட்டம்) உண்டு. நீச்சல் சுமார்னா முட்டி அளவோட நின்னுக்கங்க, இழுத்துட்டுப் போனா எதிர்த்து நீந்தாம கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும்.

ஆகஸ்ட்ல திருக்கை மணல்ல பொதைஞ்சு கெடக்கும். கால தூக்கி வைக்காம மணல்ல தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தா அது தானா விலகிடும். கொட்டிடுச்சுன்னா பொறுக்கற சூட்டுல வெந்நீர்ல கால முக்கி வைக்கணும், கீழ வெந்நீருக்கு எங்க போறது, மேலதான் ஏறணும், அதனால தேய்ச்சே நடங்க. ஜூன்ல வர்ற மேக மூட்டம் ஆகஸ்ட் கடைசில அவ்வளவா இருக்காது, தண்ணியும் 20 டிகிரிக்கு மேல இருக்கும், நல்ல நேரமாத்தான் புடிச்சிருக்கீங்க.

ஸ்காபரோவான்

நாங்கள் டொராண்டோ பக்கம். உங்கட மலை ஏற்றத்தை வாசிக்கவே மூச்சு வாங்குது. இங்க ஹான்லன்ஸ் பாயின்ட் எண்டு தீவில ஒரு பீச் இருக்கு, படகில போய் இறங்கி மட்டமான தரையில நடக்கலாம், 2002-இல இருந்து சிட்டியே நிரந்தரமா அனுமதி குடுத்த இடம், ஆனபடியால் சட்டக் குழப்பமும் இல்லை. ஆனா வார இறுதியில சனம் கூட, தனிமை எண்டு தேடினால் கிடையாது. முட்டி நோவு உள்ள ஆக்கள் இந்தப் பக்கம் விடுமுறைக்கு வந்தால் யோசிச்சுப் பாருங்கோ.

லாஹோயா_மல்லி

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், இவ்வளவு விவரமா வரும்னு எதிர்பாக்கல. தார் ரோடு வழியாவே போறதா முடிவு பண்ணிட்டோம், வடக்கால போற வரைக்கும் டிரஸ்ஸோடதான். அவரு இப்பவே பெரிய துண்டு ஆர்டர் போட்டுட்டாரு. ஒரே ஒரு கேள்வி, டோரி பைன்ஸ் ஸ்டேட் பீச் பார்க்கிங்ல இருந்து மணல் வழியாவே நடந்து வந்துடலாம், ஏத்தமே இல்லன்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றா. அது சரியா வருமா? பாத்ரூம் எங்க?

குன்று_இறங்கி

வரலாம், நல்ல தூரம், ஆனா தண்ணி வத்தி இருக்கறப்ப மட்டும்தான். நடுவுல ஃப்ளாட் ராக்னு ஒரு பாறை கடல் வரைக்கும் நீட்டிட்டு இருக்கும், ஓதம் (டைட்) ஏறிடுச்சுன்னா அந்த இடத்துல நடக்க மணலே இருக்காது, அலைக்கும் மலைக்கும் நடுவுல மாட்டிக்குவீங்க. என்ஓஏஏ (அமெரிக்க அரசோட கடல், வானிலை அமைப்பு) சைட்ல லாஹோயான்னு போட்டா ஸ்க்ரிப்ஸ் பியர்ல அளக்கற ஓத அட்டவணை வரும், தண்ணி ரொம்பக் கீழ போற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்புங்க, திரும்பி வர்றதுக்கும் அதே கணக்கப் போட்டுப் பாருங்க. அன்னிக்கு மதியம் ஓதம் ஏறுதுன்னு காட்டுச்சுன்னா தார் ரோடுதான்.

பாத்ரூம் கீழ கிடையாது, மேலயே முடிச்சுட்டு இறங்குங்க. தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டராச்சும் எடுத்துக்கங்க, ஏர்றதுக்குன்னு அதுல பாதிய மிச்சம் வைங்க. கண்ணாடி பாட்டிலும் பீரும் வேணாம், ரெண்டுக்குமே டிக்கெட் இருக்கு. லீவு போட்ட நாள் வார நாளா இருந்தா காலைல ஒம்பது மணிக்குள்ள வந்துடுங்க, சர்ஃபர்ஸ் தவிர ஆளே இருக்க மாட்டாங்க.