சதுரத் துளையோடு எந்திரத்தில் அடித்த சீனக் காசு ஏன் நிலைக்கவில்லை?

இளவேனில்:
என்னிடம் சீனாவின் சிங் வம்சத்துக் குவாங்சூ பேரரசர் காலத்துக் காசுகள் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் சதுரத் துளை, இரண்டிலும் "குவாங்சூ தோங்பாவ்" என்ற அதே நான்கு எழுத்துகள். ஆனால் ஒன்று சொரசொரப்பு, இன்னொன்றில் எழுத்தெல்லாம் கத்தியால் கீறியதுபோல் அவ்வளவு கூர்மை. இது போலியா? அசல்தான் என்றால், இவ்வளவு அழகாகச் செய்யத் தெரிந்தவர்கள் ஏன் அதை விட்டார்கள்?

செப்புத்தகடு:
கூர்மையைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சொரசொரப்பானது மணல் அச்சில் வார்த்தது, மற்றது எந்திரத்தில் அடித்ததாக இருக்கலாம். தென்சீன மாகாணமான குவாங்டோங்கில் தலைமை ஆளுநராக இருந்த ஜாங் ஜிடோங் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் ஹீட்டன் நாணய நிறுவனத்திடமிருந்து எந்திரங்களை வரவழைத்து 1889இல் இந்தப் பித்தளைக் காசை அடிக்க ஆரம்பித்தார். பின்பக்கம் "கூபிங் 1 சியென்" (அரசுக் கருவூல அளவில் 1 சியென், சுமார் 3.7 கிராம்) என்று எடை பொறித்திருந்தால் தொடக்க கால வகை.

ஏன் விட்டார்கள் என்றால், என்னைக் கேட்டால் அந்தத் துளைதான். வார்த்த காசில் அதற்கு வேலை இருந்தது: சதுரக் கம்பியில் கோத்தால் காசு சுழலாது, நூற்றுக்கணக்கில் சேர்த்து விளிம்பை அரத்தால் தேய்க்கலாம். எந்திரத்தில் தேய்ப்பே கிடையாது, ஆனாலும் ஜனங்கள் சரடில் கோத்துப் பழகியவர்கள், அதனால் ஒவ்வொரு வில்லையிலும் துளை போட்டே ஆகவேண்டும். இத்தனை சின்ன மதிப்புக்கு இவ்வளவு பாடு!

நாகமுத்திரை:
துளையும் ஒரு காரணம், சரி. ஆனால் பெரிய காரணம் உலோகத்தின் விலை. அடிக்கும் செலவு காசின் மதிப்பையே தாண்டிவிட்டது. 1900இல் அப்போதைய தலைமை ஆளுநர் லீ ஹோங்ஜாங் அதே குவாங்டோங்கில் துளையில்லாத செப்புக் காசைக் கொண்டுவந்தார், மதிப்பு 10 காசு, எடை வெறும் 2 சியென். 1 சியென் காசு பத்து சேர்ந்தால் 10 சியென், அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு உலோகம் போதும். லாபத்தைப் பார்த்ததும் மற்ற மாகாணங்களும் அடித்துத் தள்ளின. "நூறுக்கு 1 யுவான்" (யுவான் வெள்ளி நாணயம்) என்று காசிலேயே பொறித்திருந்தார்கள், அப்புறம் நூறு கொடுத்தால் ஒரு யுவான் கிடைக்கவில்லை. செப்பில் கூலி வாங்கியவர்கள் வயிற்றில் அடித்த வேலை அது, படிக்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

இளவேனில்:
இருவருக்கும் நன்றி. கூர்மையான காசின் பின்பக்கம் எடை எதுவும் இல்லை, மஞ்சு (சிங் அரச வம்சத்தின் மொழி) எழுத்து மட்டும் இருபுறமும்.

செப்புத்தகடு:
அப்படியானால் வலப்பக்க எழுத்தைப் படமெடுத்துப் போடுங்கள், நாணயச்சாலையின் பெயர் அதில்தான் இருக்கும். குவாங்டோங் என்று வந்தால், எடையைக் குறைத்தபின் அடித்த வகை, சுமார் 3 கிராம் நிற்கும். தயவுசெய்து பளபளப்பாக்கத் தேய்த்துவிடாதீர்கள்.