ஹை பிரையாரிட்டி போட்டும் நோட்டிபிகேஷன் தாமதமாக வருகிறது, உதவுங்கள்

கேள்வி:
சாட் ஆப் ஒன்று எழுதுகிறேன், ஆண்ட்ராய்டு, எஃப்சிஎம் (நோட்டிபிகேஷன் அனுப்பும் கூகுள் சேவை) வழியாகப் புஷ். முதல் சில நாள் எல்லாமே சட்டென்று வந்தது. இப்போது போன் மேசைமேல் சும்மா கிடந்தால் எதுவும் வருவதில்லை, கையில் எடுத்துத் திரையைத் தட்டியதும் ஏழெட்டு மெசேஜ் மொத்தமாக வந்து கொட்டுகிறது. எல்லாவற்றுக்கும் ஹை பிரையாரிட்டிதான் போட்டிருக்கிறேன். பேட்டரி சேமிப்பை அணைக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில் 1:
"எல்லாவற்றுக்கும்" என்கிறீர்களே, அதில் என்னென்ன இருக்கிறது? ஆன்மெசேஜ்ரிசீவ்ட் (மெசேஜ் வந்ததும் ஆப்பில் ஓடும் ஃபங்ஷன்) உள்ளே கெட்ஒரிஜினல்பிரையாரிட்டி, கெட்பிரையாரிட்டி இரண்டையும் லாகில் போட்டுப் பாருங்கள். முதலாவது நீங்கள் அனுப்பியது, இரண்டாவது வந்து சேர்ந்தது.

கேட்டவர்:
முதலாவது ஹை, இரண்டாவது நார்மல்! மெசேஜ் போக, யார் ஆன்லைனில் இருக்கிறார், யார் படித்துவிட்டார் என்பதும் டேட்டா மெசேஜாகப் போகிறது. திரையில் எதுவும் காட்டாது, டேட்டாபேஸை மட்டும் புதுப்பிக்கும்.

பதில் 1:
அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். ஹை என்றால் டோஸில் (சும்மா கிடக்கும் போனை ஆண்ட்ராய்டு கொண்டுபோகும் பேட்டரி சேமிப்பு நிலை) தூங்கும் போனைத் தட்டி எழுப்புவது. எழுப்பிவிட்டுப் பயனருக்கு ஒன்றும் காட்டாமல் போனால் எஃப்சிஎம் கணக்கு வைத்துக்கொள்ளும், 7 நாள் நடத்தையைப் பார்த்து அந்தப் போனில் உள்ள உங்கள் ஆப்புக்கு ஹையை நார்மலாக இறக்கிவிடும். 'படித்தார்' செய்த தப்புக்குச் சாட் மெசேஜ் அடி வாங்குகிறது. எனக்கு இதில் கூகுள்மேல் கோபமே இல்லை, ஒரு சின்னத் தகவல் வந்தாலும் மொபைல் ரேடியோ விழித்து அதற்கப்புறம் சில நொடி அப்படியே கிடக்கும், பத்து ஆப் இப்படிச் செய்தால் பேட்டரி என்ன ஆகும்?

'படித்தார்' எல்லாம் நார்மலுக்கு மாற்றி ஒரே கொலாப்ஸ் கீ கொடுங்கள், காத்துக்கிடப்பவற்றில் ஒரே கீ உள்ளதில் கடைசியானது மட்டும் போய்ச் சேரும். ஒரு போனுக்கு ஒரே சமயத்தில் 4 கீதான், அதனால் ஒவ்வொரு சாட்டுக்கும் ஒன்று என்று போகாதீர்கள். ஆன்லைன் நிலைக்குப் புஷ்ஷே வேண்டாம், ஆப் திறக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். டிடிஎல் (மெசேஜ் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற கெடு) கொடுக்காவிட்டால் எஃப்சிஎம்மில் 4 வாரம் வரை கிடக்கும், போன மாதம் ஆன்லைனில் இருந்தவரைத் தெரிந்து என்ன பயன்?

பதில் 2:
ஐபோனுக்கும் போகிறீர்கள் என்றால் சைலன்ட் புஷ்ஷுக்கு (திரையில் எதுவும் காட்டாதது) பிரையாரிட்டி 5தான், 10 போட்டால் தப்பு. மணிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் அனுப்பாதே என்று ஆப்பிளே சொல்கிறது. விஓஐபி புஷ்ஷில் (இணைய அழைப்புக்கானது) புகுந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், ஐஓஎஸ் 13 முதல் அழைப்பைக் கால்கிட்டில் (ஐபோனின் அழைப்புத் திரையைக் காட்டும் வசதி) காட்டாவிட்டால் ஆப்பையே மூடிவிடும்.

கேட்டவர்:
பிரித்துவிட்டேன். ஆனால் சோதிக்க டோஸ் வரும்வரை போனைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே?

பதில் 1:
வேண்டாம். சார்ஜரில் இல்லாதது போல ஏடிபியில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) டம்ப்சிஸ் பேட்டரி அன்பிளக், அப்புறம் டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் ஃபோர்ஸ்-ஐடில். உடனே தூங்கிவிடும்.

கேட்டவர்:
ஒரு வாரம் கழித்து: ஒரு போனில் இரண்டும் ஹை என்று வருகிறது. இன்னொன்றில் இன்னும் நார்மல், அதில் பழைய ஆப் இருந்ததை இப்போதுதான் பார்த்தேன்.